சிங்கனின் பையில் இல்லாத மருந்து

போன சீசனில் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே பழக்கடைப் பக்கம் வந்தால், மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் நடுவே ராஜா மாதிரி துரியன். "சாப்ட்டுப் பாருங்க அண்ணாச்சி, அடுத்த சீசனுக்கு மூணு பேரா வருவிய" என்றார் கடைக்காரர். பிள்ளை தரும் பழம் என்று குற்றாலத்தில் அதற்குப் பெயர். விலையும் அந்தப் பெயருக்குத்தான். என் மனைவி சும்மா இருக்காமல், "இப்போதைக்கு வேண்டாம்னு இருக்கோம், அதுக்கு ஏதாவது வச்சிருக்கியளா?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வேறு ஆளிடம் விலை சொல்லப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து திருக்குற்றாலக் குறவஞ்சியைத் திரும்ப எடுத்தேன். பள்ளியில் மலைவளப் பாட்டை மனப்பாடம் செய்ததோடு நாம் மறந்துவிடும் நூல். பின்பாதியில், சிங்கியைக் காணாமல் தவிக்கும் சிங்கன், தன்னிடம் இருக்கும் சரக்கையெல்லாம் நூவனிடம் அடுக்குகிறான். மாயப்பொடி, சேர்ந்திருப்பவரைப் பிரிக்க ஒரு மருந்து, பிரிந்திருப்பவரைச் சேர்க்க இன்னொன்று. திரிகூடராசப்பக் கவிராயரின் கேலி அபாரமாக வேலை செய்யும் இடம் இது. ஆனால் யாருடைய ஆசைப் பட்டியல்? ஆணுக்குப் பெண்ணைப் பிடித்துத் தரும் மருந்துகள் அவை. அதற்குப் பிறகு அவள் உடம்புக்கு என்ன ஆகும் என்பது சிங்கன் கவலை இல்லை. மலையெல்லாம் சுற்றிய சிங்கிக்கு அந்த மருந்தும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வசந்தவல்லி அவளிடம் கேட்டது குறி மட்டும்.

அதைக் கேட்ட குரல் தமிழில் உரைநடையில்தான் வருகிறது. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கர்ப்பத்தடை' என்றே ஒரு கட்டுரை. பெண்ணின் உடல்நலத்துக்காக, குடும்பச் செலவுக்காக, நாட்டின் வறுமைக்காக என்று மற்றவர்கள் காரணம் சொல்ல, பெரியார் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பெண் விடுதலைக்காக என்கிறார். இன்றும் அது சூடான வாதம். எனக்கு ஒரு குறை உண்டு: கட்டுரை முழுக்க 'ஏன்' என்பதிலேயே நிற்கிறது. 'எப்படி' என்பது அடுப்படிக்கே திரும்பிவிடுகிறது.

அந்த அடுப்படியைத்தான் இப்போது ரீல்ஸில் 'பாட்டி வைத்தியம்' என்று கொண்டாடுகிறார்கள். பப்பாளி, எள்ளு, செம்பருத்தி. மூலிகை என்றாலே புருடா என்று சொல்ல மாட்டேன். மாத்திரைக்கான ஹார்மோனே முதலில் மெக்சிகோவின் ஒரு காட்டுக் கிழங்கிலிருந்துதான் தயாரானது. வேப்பெண்ணெய் விந்தணுவைக் கொல்வதை 1980களில் டெல்லி ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கிழங்குக்கும் மாத்திரைக்கும் நடுவே அளவு, சோதனை, தோல்விக் கணக்கு என்று ஒரு நீண்ட சாலை இருக்கிறது. கோட் எழுதுகிற எங்களுக்குத் தெரியும்: டெஸ்ட் பண்ணாததை ப்ரொடக்ஷனுக்கு அனுப்பினால் யாரோ ஒருவர் ராத்திரி அழுவார். இங்கே அந்த யாரோ எப்போதும் பெண்.

ஆச்சிக்கு ஒன்பது பிரசவம், தங்கியது ஆறு. கருக்கலைப்புச் சட்டம் வந்தது 1971இல். அதற்குள் அவளுக்கு எல்லாம் முடிந்திருந்தது. துரியன் கதையைச் சொன்னதும் சிரித்தவள், என்னை வெளியே அனுப்பிவிட்டு என் மனைவியிடம் மட்டும் பேசினாள். எருக்கங்குச்சியைப் பற்றி. பக்கத்து வீட்டில் ஒருத்தி மூன்று நாள் காய்ச்சலில் போனதைப் பற்றி. "மருந்தெல்லாம் உண்டும் தாயி, உசுரு தங்கணும்லா" என்றாளாம்.

இதுவும் எனக்கு மனைவி சொல்லித்தான் தெரியும்.