கப்பலோடு நின்றுவிடும் நமது கதை

வாணிபம் என்றதும் நம்மவர் படைப்புகளில் கப்பல் வந்துவிடுகிறது. அரபு நாட்டுப் பாய்மரம், பருவக்காற்று, கரையிறங்கிய மூதாதையர். அத்துடன் கதை முடிந்துவிடும். இறங்கியவர் மறுநாள் எந்தப் பாதையில் நடந்தார் என்று எழுதியோர் மிகச் சிலரே. இதனை நமது இலக்கியத்தின் பெருங்குறையாகவே நான் கருதுகின்றேன்.

நமது முன்னோர் கரையோடு நின்றுவிடவில்லை. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், கதீஜா நாயகியின் சரக்குகளுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று மீளும் தரைவழிப் பயணம் விலாதத்துக் காண்டத்தில் விரிவாக இடம்பெறுகிறது. அப்பயணத்தின் உயிர்நாடி அமானிதம். அது முறிந்தால் என்னவாகும் என்பதைத் தோப்பில் முஹம்மது மீரானின் 'துறைமுகம்' காட்டுகிறது. கொழும்புக்கு மீன் அனுப்பிய சிறு வியாபாரிகள் இடைத்தரகர்களிடம் சிக்கிச் சீரழிகிறார்கள்.

நமது மாவட்டத்திலோ எழுதுபொருளுக்குப் பஞ்சமில்லை. மூதூரை அடுத்த கொட்டியாரக்குடா கண்டி இராச்சியத்தின் கடல்வாசலாக இருந்தது. 1660இல் அங்கு ஒதுங்கிப் பிடிபட்ட ரொபேர்ட் நொக்ஸ், 19 ஆண்டுகளுக்குப் பின் தப்பிச் சென்று, 1681இல் தன் அனுபவங்களை நூலாக்கினார். கைதியாயிருந்த அந்நியர் எழுதிவைத்தார். சுமை ஏற்றிய நாம் எழுதவில்லை. உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. பாக்கு கரைக்கு இறங்கியது. சுமந்தவை தவள மாடுகள். அவற்றுக்குப் பொறுப்பான கண்டி அரசின் 'மடிகே பத்த' பிரிவில் முஸ்லிம்கள் பெருமளவில் கடமையாற்றினர். 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கிழக்கிலே குடியேற்றியவன் செனரத் மன்னன்.

இவற்றை எழுதாமல் விடுவதில் ஆபத்தும் உண்டு. 'கப்பலில் வந்தோம்' என்று மட்டும் பெருமை பேசும் இலக்கியம், 'வந்தவர்கள்தானே' என்று நம்மைச் சுட்டுவோருக்குச் சாட்சி சொல்லிவிடுகிறது. என் வகுப்பில் 'எமது மூதாதையர்' என்று கட்டுரை கேட்டால் பிள்ளைகள் கப்பலையே எழுதுகிறார்கள். தவள மாட்டை ஒருவரும் அறியார். பாடநூலை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அவர்கள் கையில் கொடுக்க நம்மிடம் கதை வேண்டாமா?

2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவைத் திருகோணமலையுடன் இணைத்தது 'பாதை' என்று நாம் அழைத்த மிதவைப் படகே. அதில் நெல்லும் விறகும் மீனும் ஏற்றியவர்களில் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். நமது இளம் எழுத்தாளர்கள் முதலில் அவர்களிடம் சென்று அமர்ந்து கேட்கட்டும்.