கார்குழலியின் ஏடுகள்

ஒருகொடவத்தையில் இருந்துகொண்டு கொச்சி யூதரின் பாடல்களைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறவாத நமக்கு, அழியாது தப்பிய ஏடுகள் யாருடையவையாயினும் கருத்துக்குரியன.

1662இல் போர்த்துக்கேயர் கொச்சியின் பரதேசி யூதர் ஆலயத்தைச் சூறையாடினர். ஆலயம் மீண்டும் எழுந்தது. யூதப் பெண்களோ விவிலிய மாந்தரையும் மணவீட்டையும் ஆலயம் எழுந்த கதையையும் மலையாளத்திலே பாடினர். குறிப்பேடுகளில் எழுதித் தலைமுறைகளுக்குக் கையளித்தனர். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அவ்வேடுகளும் உடன் சென்றன. அவற்றிலிருந்து பிறந்ததே 'கார்குழலி' என்னும் தொகுப்பு. அயலாரின் மொழியைத் தன் மொழியாக்கியும் சமயம் நிலைபெறும் என்பதற்கு இப்பாடல்களே சான்று.

எனினும் புகழ்ச்சி மட்டும் திறனாய்வாகாது. அடிமை மரபினர் எனப்பட்டோருக்கு அதே பரதேசி ஆலயத்தில் சம இடம் மறுக்கப்பட்டது. அம்மரபில் வந்த ஏ. பி. சேலம் அங்கேயே சத்தியாக்கிரகம் செய்தார். புறப்பகையைத் தாங்கிய நம்பிக்கை, அகத்தேயிருந்த அநீதியை எதிர்த்தபோதே முழுமையை நோக்கி நடந்தது எனலாம்.

இன்று யூதர்மீதான பகைமை பல நாடுகளில் மீண்டும் தலைதூக்குகிறது. ஓர் அரசின் கொடுமையைக் கண்டிப்பது நம் கடமை. அதன் பொருட்டு ஒரு மக்களையும் அவர்தம் வழிபாட்டையும் வெறுப்பது முற்போக்கன்று. வடக்கில் நிகழ்ந்ததற்காக 1983இல் கொழும்புத் தமிழரின் வீடுகள் எரிந்தன. அக்கதையைக் கேட்டு வளர்ந்த நாமே இதனை மாணவர்க்கு உரைக்காவிடின், வேறு யார் உரைப்பர்?