கருப்பொருளும் சாட்சியும்

தமிழ்க் கவிதை மலைமக்களுக்கு இடம் தரவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தந்த இடம் எது என்பதுதான் என் கேள்வி. நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காக வகுக்கிறது. தெய்வத்துக்குப் பின்னும் புள்ளுக்கும் விலங்குக்கும் முன்னுமாக நிலத்து மக்கள் அந்த வரிசையில் நிற்கிறார்கள். குறிஞ்சித் தலைவி கொடிச்சிதானே என்று கேட்கலாம். கொடிச்சிதான். ஆனால் அவளுடைய மனம் புலவன் வகுத்துத் தந்த மனம். ஏவல் செய்து பிழைக்கும் அடியோரையும் வினைவலரையும் தொல்காப்பியம் ஐந்திணைக்கு வெளியே நிறுத்திவிட்டது. வெகுகாலம் கழித்துக் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி வாய் திறக்கிறாள், தன் மலைவளத்தைப் பாடவும் செய்கிறாள். ஆனாலும் அவள் வந்த காரியம் வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்வது.

நாவலிலும் இந்த மரபு விடவில்லை. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’ (1963) நீலகிரிப் படகர்களிடையே பழகி எழுதப்பட்டது. அவருடைய உழைப்பையோ அக்கறையையோ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சடங்கும் வழக்கமும் நமக்கு விளக்கப்படும்போது, எதிரே உட்கார்ந்து கேட்பவர்கள் சமவெளிக்காரர்களாகிய நாம் என்பது மறப்பதில்லை. படகருக்குப் படகர் வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) வேறு இடத்திலிருந்து வருகிறது. அவர் வழக்கறிஞர், மனித உரிமைப் பணியில் இருப்பவர். வீரப்பன் தேடுதலின்போது தமிழக, கர்நாடக எல்லைக் காடுகளில் அதிரடிப்படைகள் செய்த கொடுமைகள் நாவலின் பொருள். இரண்டு பாகங்களும் இரண்டு விதமான எழுத்து. முதல் பாகத்தில் ஒரு தொட்டி வாழ்கிறது. விதைக்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள், கண்ணெதிரே நிலத்தை இழக்கிறார்கள். சிவண்ணாவும் மாதியும் நமக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் ‘ஒர்க் ஷாப்’ என்று பெயரிடப்பட்ட வதைக்கூடம் வருகிறது. மின்சாரம், அடி, பலாத்காரம் என்று வதை ஏறிக்கொண்டே போகிறது. முதல் பாகத்து மனிதர்களின் தனிமுகம் மங்கி, எல்லோரும் ‘பாதிக்கப்பட்டவர்கள்’ ஆகிறார்கள்.

இதைக் கலைக்குறை என்று சொல்லிவிட்டு நகர்வது நம் வட்டத்துக்கு எளிது. எனக்கு அது போதவில்லை. முகம் இல்லாமல் ஆக்குவதுதானே முகாமின் வேலை? அந்த அளவில் இரண்டாம் பாகம் பொய் சொல்லவில்லை. ஆனால் முகாம் அழித்ததை எழுத்து திரும்ப எடுத்துத் தர வேண்டும். அந்தப் பக்கங்களில் நான் தேடியது முதல் பாகத்து மாதியை. அவள் எப்போதாவதுதான் தட்டுப்படுகிறாள்.

இங்கே ஒரு நீதிமன்றத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி, மலையாளிப் பழங்குடியினரின் ஊர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 1992 ஜூன் 20ல் வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த்துறையினரும் அங்கே புகுந்தார்கள். 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்புக்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011ல் தர்மபுரி நீதிமன்றம் சொல்லிற்று. 2023ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருஷம் பிந்தியாவது அந்தப் பெண்களின் சொல் சர்க்கார் சொல்லுக்கு எதிரே நின்றது. தமிழ் இலக்கியம் அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, நீதிமன்றம் அவர்களைப் பேசச் சொல்லிக் கேட்டது.

ஆனால் சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லலாம். அன்று காலை அவள் என்ன சமைத்தாள், யாரோடு பேச்சில்லாமல் இருந்தாள், எதற்குச் சிரித்தாள் என்பதெல்லாம் வழக்குக்கு வேண்டாதவை. இலக்கியத்துக்கு வேண்டியவை அவைதான். ‘சோளகர் தொட்டி’ தன் மக்களைக் கருப்பொருளிலிருந்து சாட்சியாக உயர்த்தியது. அது சிறிய காரியமல்ல. ஆனால் அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது.

மலையாளத்தில் நாராயண் அந்தப் படியில் ஏறினார். மலையரையர் சமூகத்தில் பிறந்தவர், தபால் துறையில் வேலை பார்த்தவர், 2022ல் காலமானார். தம் மக்களை வெளியார் எழுதிய விதம் பொறுக்காமல் எழுத வந்தவர். அவருடைய ‘கொச்சரேத்தி’ (1998) ஒரு கணவன் மனைவியின் கதை. மிளகு, கடன், வியாபாரி, படித்துவிட்டு ஊரைவிட்டுப் போகும் மகள். துன்பம் அங்கே குறைவில்லை. ஆனால் துன்பத்துக்கு வெளியேயும் அந்த மனிதர்கள் இருக்கிறார்கள்.

மலையில் பிறந்தவன்தான் மலையை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இலக்கியத்தை மூடிவிட வேண்டியதுதான். சோளகருக்குத் தனி மொழி உண்டு. தமிழ் நாவலுக்குள் வரும்போதே அவர்கள் நம் மொழிக்கு மாற வேண்டியிருக்கிறது. அவர்களிடமிருந்து இதற்கு மேலும் எதையெல்லாம் கேட்கிறோம் என்று நாம் யோசிக்கலாம்.

ஒரு இருளர் இளைஞன் நம் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அதில் காட்டையும் தேனையும் தேடுவோம். இல்லாவிட்டால் போலீசின் லத்தியைத் தேடுவோம். இரண்டும் இல்லாமல் அவன் தன் பல்வலியைப் பற்றி எழுதியிருந்தால், அதைப் போடுவோமா?