கொக்கும் காக்கையும்

காகிதக் கொக்கைக் கண்டதுமே ‘சமாதானம்’ என்று வாசித்துவிடுகிறோம். இத்தனை சுலபமாக வாசிக்கக் கிடைக்கிற குறியைக் கொஞ்சம் சந்தேகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. கலப்பு ஊடக ஓவியங்களில் நான் திரும்பத் திரும்ப எதிர்கொள்வது இதுதான்: சாம்பல் நிற அக்ரிலிக் பின்னணி, கிழித்து ஒட்டிய செய்தித்தாள், அதன்மேல் ஒரு வெள்ளைக் கொக்கு. தலைப்பு ‘ஹிரோஷிமா’. ஓவியருக்கு வேலை முடிஞ்சது. பார்க்கிறவருக்கும்தான்.

ஆனால் கொக்கு சமாதானத்தைச் சுமந்துகொண்டு பிறக்கவில்லை. ஜப்பானிய மரபில் அது ஆயிரமாண்டு வாழும் பறவை. நீண்ட ஆயுளின், மங்கலத்தின் அடையாளம். 1797இல் கியோத்தோவில் வெளியான மடிப்புக்கலை நூல், ஒரே தாளிலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பல கொக்குகளை மடிக்கும் வித்தையைச் சொல்லித்தருகிறது. அங்கே அது விளையாட்டு. வேறு அர்த்தம் வந்து ஏறியது சடாகோ சசாகியின் மரணத்திற்குப் பிறகு. 1945 ஆகஸ்ட் 6 அன்று அவளுக்கு இரண்டு வயது. 1955இல் ரத்தப் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மருந்து சுற்றி வந்த தாளில்கூடக் கொக்கு மடித்தாள். அந்த அக்டோபரில் இறந்தாள். ஒரு குழந்தை தன் உயிரைக் கேட்டு மடித்த தாள்கள் அவை. 1958இல் ஹிரோஷிமா பூங்காவில் கொக்கேந்திய சிறுமியின் சிலை எழுந்தது. கொக்கு உலகப் பொதுவானது.

ரோலான் பார்த் சொன்ன தொன்மம் இப்படித்தான் வேலை செய்கிறது: வரலாற்றை உறிஞ்சிக்கொண்டு, சக்கையை இயற்கைபோலத் தருகிறது. குண்டைப் போட்டது யார் என்ற கேள்வி கழன்றுபோய், ‘போர் கொடியது’ என்ற பொதுமை மட்டும் மிஞ்சுகிறது. 2016 மே மாதம் ஹிரோஷிமாவுக்கு வந்த ஒபாமா காகிதக் கொக்குகளைக் கொடுத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. குண்டு போட்ட அரசும் கூச்சமில்லாமல் கையிலெடுக்க முடிகிற குறி, அப்படின்னா யாருடைய குறி?

இதற்கு எதிர்நிலையில் நான் வைக்க விரும்புவது இரி மருகி, தோஷி மருகி தம்பதி 1950 முதல் 1982 வரை வரைந்த 15 ஹிரோஷிமா ஓவியங்களை. தோஷி மேற்கத்திய எண்ணெய் ஓவியம் பயின்றவர். இரி மரபான மை ஓவியர். அவர் நுணுக்கமாகத் தீட்டிய உடல்கள்மேல் இவர் மையை வழியவிடுவார். மறைந்த உடலை அவர் மறுபடி மீட்பார். கலப்பு என்று நான் சொல்வது இதைத்தான்: இரண்டு மரபுகள் ஒரே தாளில் மோதிக்கொள்வது. ஒட்டுவேலை வேறு.

1972இல் வரைந்த 14ஆவது ஓவியத்தின் பெயர் ‘காக்கைகள்’. குண்டுக்கு இரையானவர்களில் காலனியக் கொரியாவிலிருந்து வேலைக்குப் பிடித்துவரப்பட்டவர்களும் உண்டு. அவர்களுடைய பிணங்கள் கடைசிவரை அகற்றப்படாமல் கிடந்தன. அவற்றைக் கொத்தும் கருத்த காக்கைக் கூட்டம். நடுவே கொரியரின் வெள்ளை உடை. பலியான ஜப்பானுக்குள்ளேயே ஒடுக்கிய ஜப்பானும் இருப்பதை இந்தப் பறவை காட்டிக்கொடுக்கிறது. கொரியர்களுக்காக 1970இல் எழுப்பிய நினைவுச்சின்னம், 1999 வரை அதே பூங்காவுக்கு வெளியேதான் நின்றது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். சமாதானத்துக்கும் சேரி உண்டு.

கொக்கு மடிப்பவர்களை நான் கேலி செய்யவில்லை. ஆகஸ்ட் 6 கூட்டங்களுக்குப் படம் வரைகிற நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். கொக்கை அப்படியே ஒட்டாதீர்கள், பிரித்துப் பாருங்கள். மடித்த தழும்போடு ஒரு மருந்துத்தாள் கிடைக்கும். வரைய வேண்டியது அதில் இருக்கிறது.