போல்ட்டின் வேகம் குறைந்த கடைசி 20 மீட்டர்

உலகத் தடகள சாம்பியன்ஷிப்பின் 100 மீட்டர் இறுதி ஓட்டம் 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் நடந்தது. ஜமைக்காவின் உசேன் போல்ட் அதை 9.58 வினாடிகளில் முடித்தார். அமெரிக்காவின் டைசன் கே 9.71 வினாடியிலும் ஜமைக்காவின் அசஃபா பவல் 9.84 வினாடியிலும் வந்தார்கள். காணொளியைப் பார்ப்பவருக்கு, பாதி தூரம் தாண்டிய பிறகு போல்ட் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய் எல்லோரையும் விட்டு விலகியதாகத் தோன்றும். ஒவ்வொரு 20 மீட்டருக்கும் அளக்கப்பட்ட நேரங்கள் வேறு கதை சொல்கின்றன. அதைப் படிக்க வேகம், முடுக்கம், விசை, ஆற்றல், திறன் ஆகிய ஐந்து பள்ளிப் பாடங்கள் போதும்.

புறப்பாடு

துப்பாக்கி ஒலித்த பிறகு கால் அசைவதற்கு ஆகும் நேரமும் ஓட்டக் கணக்கில் சேரும். பவல் 0.134 வினாடியில் அசைந்தார். டைசன் கே 0.144, போல்ட் 0.146. ஒலிக்குப் பின் 0.1 வினாடிக்குள் அசைந்தால் தவறான புறப்பாடு என்பது விதி. மேடையேறிய மூவரில் போல்ட்தான் கடைசியாகக் கிளம்பினார். ஆனால் அவருக்கும் பவலுக்கும் இருந்த இடைவெளி 0.012 வினாடி மட்டுமே. முடிவுக்கோட்டில் இருவருக்கும் நடுவே நின்ற 0.26 வினாடியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறியது. புறப்பாடு ஓட்டத்தைக் கெடுக்கலாம். இந்த ஓட்டத்தை அது தீர்மானிக்கவில்லை.

ஐந்து துண்டுகள்

ஒவ்வொரு 20 மீட்டருக்கும் போல்ட்டும் டைசன் கேயும் எடுத்துக்கொண்ட நேரம், வினாடிகளில்:

0–20 மீட்டர்: போல்ட் 2.89, டைசன் கே 2.92
20–40 மீட்டர்: போல்ட் 1.75, டைசன் கே 1.78
40–60 மீட்டர்: போல்ட் 1.67, டைசன் கே 1.69
60–80 மீட்டர்: போல்ட் 1.61, டைசன் கே 1.63
80–100 மீட்டர்: போல்ட் 1.66, டைசன் கே 1.69

தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். மொத்த ஓட்டத்துக்கும் போல்ட்டின் சராசரி வினாடிக்கு 10.44 மீட்டர். துண்டு துண்டாகப் பார்த்தால், அசைவதற்கு ஆன நேரத்தைக் கழித்த பின் முதல் 20 மீட்டரில் 7.3, அடுத்தடுத்து 11.4, 12.0, 12.4, கடைசியில் 12.05. உச்சமான 12.4 என்பது மணிக்கு 44.7 கிலோமீட்டர்.

வேகம் கூடும் வீதமே முடுக்கம். முதல் இரண்டு துண்டுகளுக்கு இடையே வேகம் வினாடிக்கு 4 மீட்டருக்கு மேல் ஏறியது. அதன் பிறகு ஏற்றம் அரை மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. போல்ட் மிக மெதுவாக ஓடிய தொடக்கத்தில்தான் அவரது முடுக்கம் மிக அதிகம். மிக வேகமாக ஓடிய கணத்தில் அது சுழி. கடைசி 20 மீட்டரில் முடுக்கம் எதிர்க்குறி பெற்றது, அதாவது வேகம் தேய்ந்தது. வேகமும் முடுக்கமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இந்த ஓட்டமே சான்று.

விசையும் எதிர்ப்பும்

புறப்பாட்டுக் கட்டையை ஓட்டக்காரர் பின்னால் தள்ளுகிறார். கட்டை அவரை அதே அளவு விசையோடு முன்னால் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இது. கிடைக்கும் விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம் என்பது இரண்டாம் விதி. பெர்லினில் லேசர் கருவி பதிவு செய்த தரவுகளை வைத்து மெக்சிகோ ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். போல்ட்டின் நிறையை 86 கிலோகிராம் என்று கொண்ட அந்தக் கணக்கில், அவரை முன்னால் தள்ளிய விசை 815.8 நியூட்டன். புறப்பட்ட கணத்தில் முடுக்கம் ஏறத்தாழ 9.5 மீட்டர்/வினாடி². கையிலிருந்து நழுவிய கல் கீழே விழும் முடுக்கம் 9.8, போல்ட் கிட்டத்தட்ட அதே முடுக்கத்தில் கிடைமட்டமாகப் பாய்ந்தார்.

அந்தக் கணக்கு தள்ளல் குறையவில்லை என்றே கொள்கிறது; பிறகு முடுக்கம் ஏன் தேய்ந்தது? வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுகிறது. காற்றின் தடை, வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளரும். ஒவ்வொரு முறை பாதம் தரையைத் தொடும்போதும் சிறு தடுப்பு உண்டு. கால்களை முன்னும் பின்னும் வீசவும் உடலை மேலே தூக்கவும் விசை செலவாகிறது. இவையெல்லாம் சேர்ந்து முன்தள்ளும் விசைக்குச் சமமாகும்போது நிகர விசை சுழியாகிறது, வேகம் நிலைத்து நிற்கிறது. மேகத்திலிருந்து விழும் மழைத்துளி ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடாமல் தரையைத் தொடுவதும் இதே விதியால்தான். மெக்சிகோ கணக்கில் போல்ட்டின் இந்த எல்லை வேகம் வினாடிக்கு 12.2 மீட்டர், துண்டு நேரங்கள் தரும் 12.4-க்குச் சற்றுக் கீழே.

தரையில் பாதம்

உச்ச வேகத்தில் ஒரு பாதம் தரையில் இருப்பது சுமார் 0.1 வினாடிதான். போல்ட் 100 மீட்டரை ஏறத்தாழ 41 எட்டுகளில் கடந்தார். ஓர் எட்டுக்குச் சராசரியாக 0.23 வினாடி. அதில் பாதிக்கு மேல் அவர் அந்தரத்தில் இருந்தார். புவியீர்ப்போ இடைவிடாமல் கீழே இழுக்கிறது. 0.23 வினாடியும் இழுத்த அந்த விசையை, தரையைத் தொடும் 0.1 வினாடிக்குள் ஈடுகட்டியாக வேண்டும். அதனால் ஒரே காலில், உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான சராசரி விசை தேவைப்படுகிறது. 843 நியூட்டன் எடையுள்ள போல்ட்டுக்கு அது ஏறக்குறைய 2,000 நியூட்டன்.

வேகமான ஓட்டக்காரர்கள் காலை அந்தரத்தில் விரைவாகச் சுழற்றுவதால் வெல்கிறார்கள் என்ற நம்பிக்கையை, பீட்டர் வெயண்டும் சக ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அசைத்தது. காலை முன்னே கொண்டுவர ஆகும் நேரம், வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் பெரிதாக வேறுபடவில்லை. வேறுபட்டது, குறுகிய தொடுகையில் தரைமீது செலுத்தும் விசை. 1.95 மீட்டர் உயரமுள்ள போல்ட்டின் சராசரி எட்டு 2.4 மீட்டரைத் தாண்டுவதற்கும் இந்த விசையே காரணம். நீண்ட கால்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள இடம் தந்தன.

ஆற்றலும் திறனும்

இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் இருபடியால் பெருக்கக் கிடைப்பது. 86 கிலோகிராமும் 12.4 மீட்டர் வேகமும் ஏறத்தாழ 6,600 ஜூல் தருகின்றன. அதே உடலை நேராக 7.8 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இந்த ஆற்றல் போதும். ஆனால் மெக்சிகோ கணக்கின்படி, ஓட்டம் முழுவதும் செய்யப்பட்ட வேலை சுமார் 81,600 ஜூல். அதில் வேகமாக மாறியது சுமார் 8 விழுக்காடுதான். மற்றது எதிர்ப்பை வெல்வதில் கரைந்தது. அதை முழுவதும் காற்றின் தலையில் கட்ட முடியாது. உச்ச வேகத்தில் காற்றுத் தடை 100 நியூட்டனுக்கும் கீழே. பெரும்பங்கு ஓடும் உடலின் அசைவுகளிலேயே போகிறது. அன்று முதுகுக்குப் பின்னிருந்து வினாடிக்கு 0.9 மீட்டர் காற்று வீசியதும் ஒரு சிறு உதவி. சாதனைக்கு அனுமதிக்கப்படும் எல்லை 2.0 மீட்டர்.

திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. புறப்படும் கணத்தில் விசை இருந்தும் வேகம் இல்லாததால் திறன் சுழி. உச்ச வேகத்தை அடைந்த பிறகு, உடலை மேலும் முடுக்கும் நிகர விசை இல்லை; எனவே அதற்கான திறனும் சுழி. இரண்டுக்கும் நடுவே, 0.89 வினாடியில், உச்ச வேகத்தின் பாதியளவில் இருந்தபோது திறன் 2,619.5 வாட்டை எட்டியது. அதாவது மூன்றரைக் குதிரைத்திறன்.

தேய்மானம்

தசைகளில் உடனடிப் பயன்பாட்டுக்கு இருக்கும் எரிபொருள் சில வினாடிகளில் வற்றத் தொடங்கும். அதன்பின் தரையில் செலுத்தும் விசை குறைய, எதிர்ப்பின் கை ஓங்குகிறது. கடைசி 20 மீட்டரில் போல்ட்டின் சராசரி வேகம் வினாடிக்கு 0.37 மீட்டர் குறைந்தது. டைசன் கேயின் வேகம் 0.44 மீட்டர் குறைந்தது. இருவருமே தளர்ந்தார்கள், போல்ட் கொஞ்சம் குறைவாகத் தளர்ந்தார். பின்தங்குபவரின் வேகம் அதிகம் குறையும்போது, முன்னால் இருப்பவர் வேகம் கூட்டுவது போல் கண்ணுக்குத் தெரிகிறது.

இருவருக்கும் இடையே இருந்த 0.13 வினாடியைத் துண்டுகளாகப் பிரித்தால் 0.03, 0.03, 0.02, 0.02, 0.03 என்று வருகிறது. போல்ட் எந்த ஓரிடத்திலும் திடீரெனப் பாயவில்லை; எந்தத் துண்டிலும் டைசன் கே அவரைவிட வேகமாக ஓடவும் இல்லை. முடுக்கத்தில் ஒரு கீற்று, உச்ச வேகத்தில் ஒரு கீற்று, தளர்ச்சியில் ஒரு கீற்று எனச் சேர்ந்து முடிவுக்கோட்டில் அது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இடைவெளி ஆனது.