கோவலன் கொலையும் காரணம் காணும் நெறியும்

கோவலன் கொலையுண்டமைக்குக் காரணம் யார்? பொற்கொல்லனா, பாண்டியனா, ஊழ்வினையா? பட்டிமன்றங்களில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வரும் வினா இது. மூன்றனுள் ஒன்றைச் சுட்டித் தீர்ப்பு வழங்கியதும் அவை கலைந்துவிடுகிறது. ஆனால் வினாவே குறையுடையது. குற்றவாளியைக் காண்பது வேறு. காரணத்தைக் காண்பது வேறு.

விபத்துகளை ஆராயும் அறிஞர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். பெருந்தீங்கு ஒருவன் பிழையால் மட்டும் விளைவதில்லை என்பதை ஆங்கில உளநூலறிஞர் ஜேம்ஸ் ரீசன் 1990இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தீங்கைத் தடுக்கப் பல காப்புகள் அடுத்தடுத்து உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓட்டை உண்டு. ஓட்டைகள் நேர்ப்படும் நாளில் தீங்கு நுழைகிறது. ரெம்பாவ் தோட்டச் சாலையொன்றில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி கவிழ்ந்ததாகக் கொள்வோம். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதி முடிப்பது எளிது. பிரேக்கைச் சோதித்தவர் யார், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றச் சொன்னவர் யார், அன்று அவருக்கு அது எத்தனையாவது நடை என்று கேட்பதே ஆராய்ச்சி.

இந்நெறியால் கொலைக்களக் காதையை நோக்குவோம். பொற்கொல்லன் பொய் சொன்னான். அரசனோ தேவியின் ஊடலைத் தணிக்க விரையும் வேளையில், வாயிலிலேயே ஆணையிட்டான். கோவலனின் தோற்றம் கண்டு காவலர் ஐயுற்றனர்; ஐயத்தை அரசனிடம் கொண்டுசெல்ல வழியில்லை. கள்வர் திறம் பற்றிய பொற்கொல்லனின் நீண்ட பேச்சு அவ்வையத்தை அடக்கிற்று. முடிவில் அறிவற்ற ஒருவன் வாளை வீசினான். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்னும் சோதனை, கொலைக்கு முன்னும் செய்யத்தக்கதே. அது பின்னரே நிகழ்ந்தது. காப்பு இருந்தும் பயன்படவில்லை.

இளங்கோவடிகள் இத்தனை படிகளையும் ஒளிக்காமல் காட்டியிருக்கிறார். காப்பிய மாந்தர்தாம் அவற்றைக் காணவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என்று நூல் கூறுகிறது. ஒருவன் குற்றம் ஒரு தொழிலார் அனைவர் மேலும் ஏறியது. விசாரணையின்றிக் கொலையாணை பிறந்த அரண்மனை வாயில் திருந்தியதாக ஒரு சொல்லும் இல்லை.

2004ஆம் ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் தீக்கு இரையாயினர். சமையலறைத் தீ, கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு, ஒரே கட்டடத்தில் நெருக்கம் ஆகிய யாவும் நேர்ப்பட்டன. 2014இல் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அது நீதி. ஆயினும் அடுத்த குழந்தையைக் காப்பது, பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்றுமாறு பிறந்த ஆணையே.

காரணங்களைப் பகிர்ந்துவிட்டால் எவரும் பொறுப்பேற்கமாட்டார் என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் பொருளற்றதன்று. பாண்டியன் தன் பிழையை ஏற்று உயிர்நீத்த பெருமை குன்றலாகாது. பொற்கொல்லனின் வஞ்சமும் வஞ்சமே. ஆனால் பொறுப்பேற்றல் ஆராய்ச்சியின் முடிவாகிவிடக் கூடாது.

இனி வகுப்பறையில், ‘கோவலனைக் கொன்றவர் யார்?’ என்பதோடு ஆசிரியர் நிறுத்தவேண்டா. ‘எந்தெந்த இடத்தில் இக்கொலை தடுக்கப்பட்டிருக்கலாம்?’ என்றும் கேட்கட்டும். மாணவர் நூலை மீண்டும் புரட்டுவர். தம்மைச் சூழ்ந்த உலகையும் அக்கண்ணோடு காண்பர்.