டெஸ்ட் லாம்ப்

பழைய காரின் செல்ஃப் சுற்றாதபோது குறையைக் கண்டறிய வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய கருவி டெஸ்ட் லாம்ப். இண்டிகேட்டரில் எரியும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்று, இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதில் ஊசி, அவ்வளவுதான். ஒரு வகையில் இது மீட்டரைவிட நம்பகமானது. களிம்பேறி ஓரிழையில் நிற்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும், ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும் பல்பு அங்கே மங்கிப்போகும்.

கோட்டைப்பட்டினம் போன்ற பாக் நீரிணைக் கரை ஊர்களில் முதல் சந்தேகம் உப்புக்காற்றின் மேல்தான். பேட்டரி டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியும், எர்த் ஒயர் பாடியோடு சேரும் இடத்துத் துருவும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

கியரை நியூட்ரலில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். விளக்கு அடியோடு அணைந்தால் பெரும்பாலும் டெர்மினல் பிடிப்பில் கோளாறு. நன்றாக மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கலாம். செல்ஃப் மோட்டார் இறுகியிருக்கவும் கூடும். ஒளி குறையாமல் எரிந்தால் மோட்டார் மின்சாரம் இழுக்கவேயில்லை. டெஸ்ட் லாம்புக்கு வேலை இங்கேதான். கிளிப்பை எர்த்தில் மாட்டி, இன்னொருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சாலினாய்டின் சிறு ஒயரை ஊசியால் தொட வேண்டும். பல்பு எரிந்தால் குறை சாலினாய்டிலோ மோட்டாரிலோ. எரியாவிட்டால் சாவி ஸ்விட்ச் வரை பின்னோக்கித் தேட வேண்டும்.

நூறு ஆம்பியருக்கு மேல் சுமக்கும் தடித்த கேபிளுக்கு மட்டும் இந்தப் பல்பின் சாட்சி செல்லாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் கேபிளைக் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான்.